நடிகையின் நடுக்கமும் நான் தூக்கிச் சென்ற நாற்காலியும்

பட்டிமன்றத்தில் பேசுகிறவருக்கு நாக்கு மட்டுமே சொந்தம், எந்தப் பக்கம் பேசுவது என்பது அமைப்பாளருக்குச் சொந்தம் என்று எனக்கு முதன்முதலில் சொன்னவர் புலவர் கோவிந்தராசன். பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் முப்பத்தோர் ஆண்டுகள் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றிருந்த என்னை மேடைக்கு அழைத்து வந்தவரும் அவரே. கொடுத்த பக்கத்தைப் பேசு, கொடுத்த பணத்தை வாங்கு, கடைசிப் பேருந்தைத் தவறவிடாதே என்பவை அவர் எனக்குக் கற்பித்த மூன்று விதிகள். ஒலிபெருக்கியின் கரகரப்புக்கும் முன்வரிசைக் குழந்தையின் அழுகைக்கும் நடுவே கருத்துச் சொல்லித் தொண்டை வறண்ட அன்பர்களே, உங்களுக்கும் அந்த விதிகள் தெரிந்திருக்கும். அவற்றுள் முதலாவதை நான் மீறிய கதை இது.

நேற்று நடுங்கியவர்

எண்பதுகளில் நடந்த ஒரு சட்டமன்றத் தேர்தல். மதுரையை ஒட்டிய கோச்சடையில் நாங்கள் குடியிருந்த தெருவின் கடைசி வீட்டில் நாடக நடிகை வடிவாம்பாள் இருந்தார். கோயில் திருவிழாக்களில் விடிய விடிய நடக்கும் ஸ்பெஷல் நாடகங்களில் இருபது ஆண்டுகளுக்கு மேல் பாடி நடித்தவர். சுவரொட்டியில் அவர் பெயர் இருந்தால் பக்கத்து ஊர்களிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். ஐம்பது வயதை எட்டும் முன்பே அவருக்கு நடுக்குவாதம் வந்தது. அதற்குரிய மாத்திரை அரசு மருத்துவமனையில் கிடைக்கவில்லை. வெளியில் வாங்கினால் வீட்டு வாடகையை அதுவே விழுங்கியது. அதை அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைக்கச் செய்வேன் என்று ஒரு சுயேச்சை வேட்பாளர் வாக்குறுதி அளித்தார். வடிவாம்பாள் அவருடைய ஜீப்பில் ஏறி ஓட்டுக் கேட்கத் தொடங்கினார்.

நாகமலை புதுக்கோட்டையில் முதல் நாள் பேசியபோது, கையிலிருந்த மைக் பல்லில் இடிக்கும் அளவுக்கு நடுங்கினார். கேட்டவர்கள் கண் கலங்கினார்கள். மறுநாள் அதே இடத்தில் அசையாமல் நின்று கணீரென்று பேசினார். அவ்வளவுதான், ஊர் இரண்டுபட்டது. நோயாளியைக் காட்டி ஓட்டு வாங்குவதா என்று கேட்டவர்கள் ஒரு பக்கம், நோயே பொய் என்றவர்கள் மறு பக்கம். எனக்குச் செய்தி கொண்டுவந்தவர் பக்கத்து வீட்டுப் பஞ்சவர்ணம். அவர் கணவர் பேருந்து நடத்துநர். ஆகவே செய்திக்குப் பஞ்சமில்லை.

"டீச்சரம்மா, நேத்து அந்த நடுங்கு நடுங்குனவுக, இன்னைக்குக் கல்லுத் தூணு மாதிரி நிக்கிறாகளாம். அம்புட்டும் நடிப்பாம்ல! பஸ்ஸு முழுக்க இதே பேச்சுதான்னு எங்க வீட்டுக்காரரு சொல்றாரு."

அணி பிரித்த விதம்

அந்த வாரமே பேரையூரிலிருந்து செல்லையா வந்தார். அங்கே மாரியம்மன் கோயில் வைகாசிப் பொங்கலுக்கு ஆண்டுதோறும் பட்டிமன்றம் அமைப்பவர். 'நோயுற்ற கலைஞர்கள் தேர்தல் மேடையேறுவது முறையா, முறையன்றா?' என்பது தலைப்பு. நடுவர் கோவிந்தராசன். எனக்கு ஒதுக்கப்பட்டது முறையன்று என்னும் அணி.

மறைப்பானேன், அந்த அணி அப்போது எனக்கு உடன்பாடாகவே இருந்தது. உடலின் துன்பத்தை ஊர் நடுவில் வைத்து வாக்குக் கேட்பது கலைஞருக்கும் அழகில்லை, வாக்காளருக்கும் அழகில்லை என்று நான் எண்ணியிருந்தேன். ஒரே தெருவில் இருப்பவரைப் பற்றிப் பேசவேண்டுமே என்பதுதான் தயக்கம். அதைச் சொன்னேன். செல்லையா முன்பணத்தை வெற்றிலைத் தட்டில் வைத்து என் பக்கம் நகர்த்தினார்.

"ஒரே தெருவா? ரொம்ப நல்லதாப் போச்சு டீச்சர்! பக்கத்துல இருக்கிறவுகளே எதுத்துப் பேசுறாகன்னாத்தான் கூட்டம் கூடும். முதல்ல அட்வான்ஸைப் பிடிங்க."

மாத்திரைக்கு முன்னும் பின்னும்

பாடத்தைப் படிக்காமல் வகுப்புக்குள் நுழைந்த பழக்கம் எனக்கில்லை. ஒருநாள் காலை வடிவாம்பாள் வீட்டுக்குப் போனேன். நாற்காலியில் விறைத்து அமர்ந்திருந்தார். வலக்கை மடியில் கிடந்து ஆடிக்கொண்டிருந்தது. தண்ணீர்த் தம்ளரை அவர் வாய்க்குக் கொண்டுபோவதற்குள் பாதி புடவையில் கொட்டியது. மாத்திரையை விழுங்கினார். முக்கால் மணி நேரத்தில் கை அடங்கியது. எழுந்து சென்று தம் கையாலேயே எனக்குக் காப்பி கலந்து தந்தார். நான் விடைபெறும் வேளையில் கழுத்தும் தோளும் தாமாகவே நெளியத் தொடங்கின. மாத்திரை கூடினால் அப்படித்தான் ஆகும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறாராம். ஒரே காலையில் ஒரே பெண்ணை மூன்று விதமாகப் பார்த்துவிட்டேன். நாகமலை புதுக்கோட்டைக்காரர்கள் அவற்றுள் இரண்டைப் பார்த்துவிட்டு ஒன்றைப் பொய் என்கிறார்கள்!

வேட்பாளரின் ஆட்களுக்கும் பயம் வந்துவிட்டது. பேரையூர் பட்டிமன்றத்தில் ஊர் என்ன சொல்கிறது என்று பார்ப்பார்களாம். அவப்பெயர் தீராவிட்டால் இனி ஜீப்பில் அவருக்கு இடமில்லையாம். வடிவாம்பாளே இதைச் சொன்னார். நான், "கண்ணியமாக வீட்டிலேயே இருந்துவிடலாமே அம்மா, உங்களை ராணியாகப் பார்த்தவர்கள் அப்படியே நினைவில் வைத்துக்கொள்ளட்டுமே" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"வீட்டுக்குள்ள நடுங்குனா மாத்திரை தன்னால நடந்து வருமா டீச்சர்? ராணி வேசம் கட்டயில கண் கொட்டாமப் பாத்தாகள்ல, இதையும் பாக்கட்டும்."

நாற்காலி

பேரையூரில் நல்ல கூட்டம். பெண்கள் பகுதியில் பஞ்சவர்ணத்தின் தோளைப் பற்றியபடி வடிவாம்பாளும் அமர்ந்திருந்தார். வரவேண்டாம் என்று நான் எவ்வளவோ சொல்லியிருந்தேன். எங்கள் அணியில் முதலில் பேசியவர் இரக்கம் வேறு, அரசியல் வேறு என்று கண்ணியமாகவே வாதிட்டார். இரண்டாமவரோ மைக்கைப் பிடித்துக்கொண்டு கையை வெடவெடவென்று ஆட்டிக் காட்டினார். "மாத்திரையைப் போடாம ஒளிச்சு வச்சிட்டா நானும் இப்படி நடுங்கிப் பிரச்சாரம் பண்ணுவேன்!" என்றார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. வடிவாம்பாளின் கை அப்போது உண்மையாகவே ஆடிக்கொண்டிருந்தது.

அடுத்தது என் முறை. எழுந்தேன். என் இரும்பு நாற்காலியை மடக்கித் தூக்கிக்கொண்டு, நடுவரைக் கடந்து போய், எதிரணியின் ஓரத்தில் விரித்துப் போட்டேன். பிறகுதான் மைக்குக்கு வந்தேன். கோவிந்தராசன் மணியை அடித்து, "அம்மா, அணி மாறுவது மரபில்லை" என்றார். "ஐயா, மரபு இன்று தொடங்கட்டும்" என்றேன். "இந்த அம்மையார் நடுங்கினால் இரக்கத்தை விற்கிறார் என்கிறீர்கள். நடுங்காவிட்டால் ஏமாற்றுகிறார் என்கிறீர்கள். நெசவாளர் நூல் விலைக்காகப் பேசலாம், உழவர் தண்ணீருக்காகப் பேசலாம், நோயாளி மட்டும் மருந்துக்காகப் பேசக்கூடாதா? நானும் கூடாது என்றுதான் எண்ணியிருந்தேன். போய்ப் பார்த்தேன், மாறிவிட்டேன். நீங்கள் யாராவது போய்ப் பார்த்தீர்களா?" மணி ஓயாமல் அடித்தது. நானும் ஓயவில்லை.

அதற்குள் வடிவாம்பாள் எழுந்துவிட்டார். மேடையை நோக்கி வந்தவரின் கால்கள் படிக்கட்டருகே தரையில் ஒட்டிக்கொண்டன. நின்று, நிதானித்து, ஒவ்வொரு படியாக ஏறினார். இப்போது எவரும் சிரிக்கவில்லை. நான் மைக்கை அவர் வாயருகே பிடித்துக்கொண்டேன்.

"மாத்திரை போடாட்டி நடுங்குது, கூடப் போட்டா ஆடுது, நடுவுல கொஞ்ச நேரம் சும்மா இருக்குது. இதுல எதை நம்புவீகன்னு ஊரு கூடிச் சொல்லுங்க, அப்படியே வாரேன்!"

தீர்ப்பு

பெண்கள் பகுதியிலிருந்து எழுந்த கைதட்டல் அடங்கவே நெடுநேரமானது. நடுவர் தலையைச் சொறிந்தார். ஓர் அணியில் நால்வர், மற்றோர் அணியில் இருவர் என்று ஆகிவிட்டபடியால் மன்றமே செல்லாது என்று அறிவித்து மாலையைக் கழற்றினார். செல்லையா நேராக என்னிடம் வந்து முன்பணத்தைத் திருப்பிக் கேட்டார். கேட்டது நியாயமே; அவர் பணம் கொடுத்தது அந்தப் பக்கத்துக்கு. என்னிடம் பேருந்துக் கட்டணம் மட்டுமே இருந்தது. பிறகு தருவதாகச் சொன்னேன். நம்பாத முகத்தோடு போனார்.

மறுநாள் காலை வடிவாம்பாள் வீட்டு வாசலில் ஜீப் வந்து நின்றது. வேட்பாளரே இறங்கி வந்து அழைத்துப் போனார். பிரச்சாரத்தின் கடைசி நாள் வரையிலும் வடிவாம்பாள் நடுங்கியும் நடுங்காமலும் பேசினார். நானோ அதற்குப் பின் எந்த மேடைக்கும் அழைக்கப்படவில்லை. பேரையூரிலிருந்து திரும்பும் பேருந்திலேயே கோவிந்தராசன் அதைச் சொல்லிவிட்டார்.

"அம்மா, நன்றாகத்தான் பேசினீர்கள். ஆனால் உட்கார வைத்த இடத்தில் உட்காராதவரை எந்த ஊர்க்காரன் நம்பி நாற்காலி போடுவான்?"

நன்றி சொல்ல வந்தவர்

சுயேச்சை தோற்றார். வென்றவர் கழுத்து நிறைய மாலையோடு திறந்த ஜீப்பில் நன்றி சொல்லிக்கொண்டு எங்கள் தெருவுக்கு வந்தார். பின் இருக்கையில் செல்லையா! பேரையூர்த் தலைப்பு எங்கிருந்து பிறந்தது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. தெருவின் கடைசியில் ஜீப் நின்றுவிட்டது. நடுத்தெருவில் வடிவாம்பாள் நின்றுகொண்டிருந்தார்; கை ஆடியது, கால் அசையவில்லை. ஓட்டுநர் ஒலிப்பானை அழுத்தினார். வென்றவர் இறங்கிக் கும்பிட்டு, "தேர்தல்தான் முடிஞ்சிருச்சே, வழி விடுங்கம்மா" என்றார்.

"நீங்க ஜெயிச்சிட்டீக அண்ணே, சந்தோசம். நான் இன்னும் பிரச்சாரத்தை முடிக்கல. ஆஸ்பத்திரிக்கு அந்த மாத்திரை வார வரைக்கும் உங்க ஜீப்பு எங்க நின்னாலும் நான் முன்னால நிப்பேன்."

வென்றவர் மறுபடியும் கும்பிட்டுக்கொண்டிருந்த அந்த இடைவெளியில், முகத்தைத் திருப்பிக்கொண்ட செல்லையாவின் கையைப் பிடித்து அதில் என் கடனை எண்ணி வைத்தேன்: ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியை தன் மனத்தில் பட்டதை ஒரே ஒருமுறை மேடையில் சொல்ல அந்நாளில் ஆன செலவு, முப்பது ரூபாய்.