பொன்னுருக்கில் போன ஒற்றை டொலர்

எங்கள் சனத்துக்குத் தங்கத்தைப் பற்றி ஒரே ஒரு கேள்விதான் தெரியும்: எத்தனை பவுண்? நான் அமெரிக்காவின் பழைய பொற்காசுகளைச் சேர்க்கிறேன் என்று நாங்கள் இருக்கும் டென்மார்க்கின் இக்காஸ்ட் ஊரில் தெரியவந்த நாளிலிருந்து, கடையில் கண்டாலும் கலியாண மண்டபத்தில் கண்டாலும் அதைத்தான் கேட்கிறார்கள். எந்த ஆண்டுக் காசு, எங்கே அடித்தது என்று ஒருத்தராவது கேட்டதில்லை. முதியோர் இல்லத்தில் முதுகு முறிய உழைப்பதை இதிலே கொட்டுகிறாள், கழுத்தில் ஒரு சங்கிலிகூட இல்லை என்று பின்னால் கதை வேறு.

எனக்கு நகையில் ஆசை இல்லாமற்போன காரணம் சின்னது. நம்மவர்கள் நகையை நகையாக இருக்க விடமாட்டார்கள். அம்மாவின் பதக்கத்தை உருக்கி மகளுக்கு ஆரம், அந்த ஆரத்தை உருக்கிப் பேத்திக்குக் காப்பு. நூறு வருடப் பழைய தங்கம் எல்லார் வீட்டிலும் இருக்கும். நூறு வருடப் பழைய நகை ஒரு வீட்டிலும் இராது. காசு அப்படியல்ல. யார் யாருடைய சட்டைப்பையிலோ கிடந்து தேய்ந்தாலும் அதே முகத்தோடு என் கைக்கு வந்து சேர்கிறது. அதில்தான் எனக்குப் பைத்தியம்.

என்னிடம் உள்ளவற்றில் பெரியவை இருபது டொலர் காசுகள். ஒவ்வொன்றும் நாலு பவுணுக்கு மேல். பார்க்கக் கம்பீரம்தான், ஆனால் அவை உலகத்தில் தாராளமாகக் கிடக்கின்றன. தங்கத்தின் விலைக்குச் சற்று மேலே கொடுத்தால் யாரும் வாங்கலாம். என் உயிர் இருந்தது ஓர் ஒற்றை டொலரில். சட்டைப் பொத்தான் அளவு. ஒரு பக்கம் இறகு முடி வைத்த பெண். மறுபக்கம் மாலைக்குக் கீழே டி என்று ஓர் எழுத்து. அமெரிக்காவின் தெற்கே ஒரு மலையூரில், உள்நாட்டுப் போரோடு மூடிப்போன சின்ன நாணயசாலையின் அடையாளம் அது. அந்தக் காசில் அடித்ததே கொஞ்சம், உருக்குவாரிடம் தப்பியது அதிலும் கொஞ்சம். கோப்பன்ஹேகனில் அது பிளாஸ்டிக் கூட்டுக்குள் முத்திரையிட்டு ஏலத்துக்கு வந்தபோது என் கலியாணக் காப்புகளையும் அட்டியலையும் விற்றுத்தான் எடுத்தேன். கணினியில் ஏலம் கேட்டுத் தந்தவன் மகன். விலை ஏற ஏற, அம்மாவுக்கு விசர் என்று டேனிஷில் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். அவருக்கு, அதாவது என் கணவருக்கு, நான் விலையைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்திருப்பார்.

பிறகு மகனுக்குக் கலியாணம் பொருந்தியது. கலியாணத்துக்கு முன் மாப்பிள்ளை வீட்டில் பொன்னுருக்கு. நல்ல நேரம் பார்த்து, நகை செய்யும் பத்தர் வந்து ஒரு பொற்காசை எல்லார் முன்னிலையிலும் உருக்குவார். அந்தப் பொன் தாலியில் சேரும். தாலிக்கு வேண்டிய மற்றத் தங்கத்தை முன்னமே பத்தரிடம் கொடுத்தாயிற்று. சடங்குக்கு ஒரேயொரு காசு மட்டும் வாங்க வேண்டும். பலகாரத்திலிருந்து, புகைக்குக் கத்தாதபடி கூரையில் உள்ள அலாரத்தைக் கழற்றுவது வரை என் தலையில். அவருக்கு அந்த ஒரு வேலை. “காசு வாங்கியாச்சோ?” என்று கேட்கும்போதெல்லாம், “ஓமோம், அதெல்லாம் ரெடி” என்பார்.

அன்று விளக்கேற்றி, தேங்காய் உடைத்து, தட்டில் வெற்றிலையின் மேல் வைத்த காசுக்குத் தீபம் காட்டியாயிற்று. சோபாவில் பெண் வீட்டார். பத்தர் காஸ் சுடரைச் சீறவிட்டுக்கொண்டு கையை நீட்டினார். மகன் காசை எடுத்தான். எடுத்தவன் கொடுக்கவில்லை. குனிந்து பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். அப்போதுதான் நான் அவன் விரலிடுக்கைப் பார்த்தேன்.

“இஞ்சருங்கோ, இதை எங்கையிருந்து எடுத்தனீங்கள்?”

“உம்மடை பெட்டியிலைதான். வீட்டிலை அவ்வளவு கிடக்க வெளியிலை ஏன் வாங்குவான்? நீர் கவலைப்படுவீரெண்டு இருக்கிறதுக்குள்ளை சின்னனாப் பாத்துத்தான் எடுத்தனான். அந்தப் பிளாஸ்டிக் கூட்டை உடைக்கத்தான் சுத்தியல் தேவைப்பட்டது.”

என் மீதுள்ள அன்பினால் சின்னதாகப் பார்த்து எடுத்திருக்கிறார்! எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் காஸ் சுடரே தேவைப்பட்டிருக்காது. பெரிய காசு ஒன்றைக் கொண்டுவருகிறேன், அதை உருக்குங்கள் என்றேன். நாலு பவுண் தருகிறேன் என்கிறேன், ஒருவருக்கும் கேட்கவில்லை.

“விளக்கேத்தின பிறகு பொன்னை மாத்துறதோ? அபசகுனமெல்லோ!” என்றார் என் மச்சாள்.

பெண்ணின் தாய்க்கு முகம் கறுத்துப்போனது. நாளைக்கு அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு தடிமன் காய்ச்சல் வந்தாலும் பழி என் தலையில்தான் விழும் என்று விளங்கியது. நல்ல நேரம் முடியப்போகிறது என்று யாரோ அவசரப்படுத்தினார்கள். மகன் கையைப் பொத்திக்கொண்டே நின்றான். தமிழில் கேட்டால் எல்லாருக்கும் விளங்கும் என்று மெல்ல டேனிஷில், நிச்சயமாகக் கொடுக்கவா அம்மா, கொடுக்காமல் விடட்டுமா என்றான். இவ்வளவு காலமும் சிரித்துக்கொண்டிருந்தவன், அந்தக் காசு எனக்கு என்ன என்று தெரிந்தேதான் சிரித்திருக்கிறான். அவன் அப்படிக் கேட்டிராவிட்டால் நான் சண்டை போட்டிருப்பேன்.

“குடு தம்பி” என்றேன்.

இறகு முடிதான் முதலில் போனது. பிறகு எல்லாமாக ஒரு மிளகளவுக்குத் திரண்டு பளபளத்தது. நான் அழுதேன். மகன் கலியாணம் காணுகிற சந்தோஷம் என்று பெண்கள் என் முதுகைத் தடவினார்கள். அவர் என் காதருகில் குனிந்து, “சின்னனெண்டபடியாக் கெதியா உருகீட்டுது, என்ன?” என்றார்.

சனம் கலைந்ததும் விலையைச் சொன்னேன். நெஞ்சைப் பிடிக்கவில்லை, ஆனால் நாற்காலியில் இருந்தவர் எழும்பவில்லை. அடுத்த கிழமை நகைக்கடையில் லட்சுமி பொறித்த காசு ஒன்று வாங்கிக்கொண்டு வந்து மேசையில் வைத்து, “அதைவிடப் பெரிசு” என்றார். நான் அதைத் தொட்டும் பார்க்கவில்லை. கலியாணத்தில் அவரோடு சேர்ந்து நின்று படம் எடுத்தேன், சிரித்தேன், அவ்வளவுதான். சாப்பாடு போடுவேன், கேட்டதற்குப் பதில் சொல்வேன். அதற்கு மேல் என்னால் முடியவில்லை, முடியாததையிட்டு எனக்கு என் மீதும் எரிச்சல்.

மகனும் மருமகளும் கோப்பன்ஹேகனில் இருக்கிறார்கள். அவள் ஆஸ்பத்திரியில் தாதி. விடுமுறைக்கு வந்தபோது ஒரு காலையில் தாலிக்கொடியைக் கழற்றி உள்ளங்கையில் சுருட்டிக்கொண்டு, நான் சமைத்துக்கொண்டிருந்த குசினிக்கு வந்தாள்.

“மாமி, இது சரியான பாரம். வேலையிலையும் போடேலாது. உங்கடை காசுப் பெட்டியிலை வச்சிருங்கோ, அங்கை பத்திரமா இருக்கும்தானே.”

நகையில் ஆசையே இல்லாத நான், அவள் கையிலிருந்து அதை வாங்கி அவள் கழுத்திலேயே திரும்பப் போட்டேன். கொக்கியையும் நானே மாட்டினேன். அவர் கூடத்தில் தொலைக்காட்சியைப் பார்ப்பதுபோல் இருந்து எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“வேலைக்குப் போடாட்டிலும் வீட்டிலை போடு பிள்ளை” என்றேன். “இது என்ரை பெட்டிக்கை கிடந்தால் நான் ஒவ்வொரு நாளும் திறந்து பாப்பன். பாத்தனெண்டால் உன்ரை மாமாவை ஒருநாளும் மன்னிக்கமாட்டன்.”