ஏரோப்பிளேன் நின்ற இடம்

கருங்குழி தாண்டியதும் பஸ்ஸுக்குப் பிரேக் பிடிக்கவில்லை. டிரைவர் பதறாமல் வண்டியைச் சாலையிலிருந்து திருப்பி, யுத்த காலத்தோடு கைவிட்ட விமானத் தளத்துக்குள் விடுகிறார். ஓடுதளம் நீளமாகத்தான் கிடக்கிறது. ஆனால் அதன் கோடியில் ஏரித் தண்ணீர் பளபளக்கிறது.

"நிக்குமா?" என்கிறேன்.

"ஏரோப்பிளேனே நின்ன எடம். பஸ்ஸு நிக்காதா அண்ணாத்த?" வெற்றிலையை மடித்தபடி கண்டக்டர் சொல்கிறார். "போன வாரங்கூட இங்கதான் வந்து நின்னுச்சு."

போன வாரமுமா! கைக்கு மெத்தென்று அகப்பட்டதை இறுகப் பிடித்துக்கொண்டு, திருப்பதிக்கு மொட்டை நேர்ந்துகொள்கிறேன். என் தலையில் மழிக்க முடி இல்லை என்பது பிறகுதான் நினைவுக்கு வருகிறது. விரிசல்களில் முளைத்த எருக்கஞ்செடிகளைச் சாய்த்துக்கொண்டு ஓடிய பஸ், ஏரிக்கரையில் நிற்கிறது.

பக்கத்துச் சீட்டுக்காரர் என் தோளைத் தட்டுகிறார்.

"வண்டி நின்னுடுச்சு நைனா. என் கோழிய வுடு, மூச்சு முட்டுது அதுக்கு."