மகளை விட்டுவிட்டுப் பதினான்கு நாள்

கஜகஸ்தானுக்குப் போக இந்தியர்களுக்குப் பதினான்கு நாள் வரை விசா வேண்டாம் என்று கணவர் படித்துச் சொன்னபோது எங்கள் மகளுக்கு இரண்டரை வயது. திருமணத்துக்கு முன்பே பேசி வைத்த பயணம் அது. முதுகுப் பையோடு கிழக்கே அல்மாட்டியில் இறங்கி, மூன்றாம் வகுப்பு ரயிலிலேயே மேற்கே காஸ்பியன் கடல் வரை போக வேண்டும். கர்ப்பம், பிரசவம், பால்குடி என்று தள்ளிக்கொண்டே வந்திருந்தோம்.

விழுப்புரத்தில் மாமியார் நேராகவே கேட்டார். "ஊரு சுத்தப் போறதுக்குப் பெத்த புள்ளைய வுட்டுட்டுப் போறியா? எப்படிம்மா மனசு வருது?"

மனசு வரவில்லைதான். ஆனாலும் மகளைத் திண்டிவனத்தில் அம்மா வீட்டில் விட்டேன். எந்த நேரத்துக்கு என்ன கொடுக்க வேண்டும் என்று நான்கு பக்கம் எழுதி பிரிட்ஜில் ஒட்டினேன். பஸ் ஏறிய பிறகு, இருமல் மருந்தின் அளவைச் சரியாக எழுதினேனா என்று போன் செய்து கேட்டேன். சரியாகத்தான் எழுதியிருந்தேன்.

அங்கே ரயில் பெட்டியின் ஒரு முனையில் எப்போதும் கொதிநீர் கிடைக்கும். மகளுக்கு அரைத்த சத்துமாவில் கொஞ்சம் எடுத்துப் போயிருந்தோம். அதைக் கரைத்துக் குடித்து, ரொட்டியும் தக்காளியும் தின்று நாட்களை ஓட்டினோம். எதிர் இருக்கைப் பெண்ணிடம் மகளின் படத்தைக் காட்டினேன். குழந்தை எங்கே என்று சைகையில் கேட்டாள். இந்தியா என்றேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெளியே ஏதோ குதிரைகள் தெரிந்தன. அவற்றைப் பார்க்கத்தான் திரும்பினாளோ என்னவோ, நான் இரண்டு மணி நேரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

தினமும் சாயங்காலம் அம்மாவிடம் பேசுவேன். "உன்னையே கேட்டுக்கினு கீறாடி. வாயில சோறே எறங்கல. ஜல்தி வந்துடேன்" என்பாள் அம்மா. ஆறாம் நாள் துர்கிஸ்தான் என்ற ஊரின் விடுதிச் சமையலறையில் அதைக் கேட்டுவிட்டு, திரும்பிப் போகலாம் என்று கணவரிடம் அழுதேன். பாதி வழிகூட வந்திருக்கவில்லை. சரி, திரும்பிவிடலாம் என்று அவர் தலையாட்டினார். உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்ததால், ஸ்பீக்கரில் போட்டு அம்மாவை அழைத்துச் சொன்னார். நான் கால் மணி நேரம் முன்பு பேசிய அதே அம்மா.

"மாப்ள, சாப்ட்டீங்களா? இன்னாத்துக்குப் பாதியில வர்றீங்க? குட்டி சூப்பரா கீறா! ரெண்டு கை மல்லாட்டை உரிச்சுத் தின்னுட்டு நாயைத் தொரத்திக்கினு ஓடுறா. நீங்க நிம்மதியா பாத்துட்டு வாங்க."

நான் பேச்சில் புகுந்தேன். "அம்மா, எங்கிட்ட சோறே எறங்கலன்னு சொன்னியே?"

"நீ பக்கத்துலதான் கீறியா?" கொஞ்சம் தடுமாறினாள். "அதுவும் நெஜந்தான்டி. காலைல அழுதா, இப்ப ஆடுறா."

"அப்ப எனக்கு மட்டும் ஏன் அழுகைய சொல்ற?"

"அவரு ஆம்பள. அவ்ளோ தூரம் போயிட்டு அவரு ஏன் கவலப்படணும்?"

"நான் படலாமா?"

"நீ பெத்தவ. எதிர்வீட்டுக்காரி தெனம் கேக்குறா. என் பொண்ணு அங்க போயும் அழுதுக்கினே கீறான்னு சொல்லித்தான் உன் பேரைக் காப்பாத்திக்கினு வர்றேன்."

கணவர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"இனிமே அவகிட்ட அப்படிச் சொல்லாத. நான் நல்லா சாப்புடுறேன், நல்லா ஊரு சுத்துறேன்னு சொல்லு. எங்கிட்டயும் இவர்கிட்டயும் ஒரே சேதிய சொல்லு."

"ரொம்பத்தான் திமிரு உனக்கு" என்று அம்மா வைத்துவிட்டாள்.

மறுநாள் ரயில் நிலையத்தில் மேற்கே போகும் ரயிலில் ஏறினோம். தைரியமாக ஏறினேன் என்று சொல்ல மாட்டேன். அழுகையும் நிஜம் என்று அம்மா சொன்னதே அன்று முழுக்கக் காதில் இருந்தது. ஆனால் காலை அழுகையும் மாலை ஆட்டமும் எங்கள் இருவருக்கும் பிறந்த குழந்தையுடையவை. அழுகையை மட்டும் நான் தனியாகச் சுமந்துகொண்டு திரும்ப முடியாது என்று தோன்றியது. ரயில்கள் மாறி மாறி, மூன்று நாள் கழித்து காஸ்பியன் கரைக்குப் போய்ச் சேர்ந்தோம். தண்ணீர் பனிக்கட்டிபோல் குளிர்ந்தது. முழங்கால் வரை இறங்கி நின்று கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை.

திண்டிவனம் திரும்பிய அன்று மகள் என்னிடம் வரவில்லை. அம்மாவின் புடவைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். எதிர்வீட்டு அக்கா வாசலிலிருந்தே, "பாத்தியா, அம்மாவையே மறந்துடுச்சு புள்ள!" என்றார்.

"அப்பாகிட்டயும்தான் போவலக்கா" என்றேன்.

நான் பையை இறக்கிவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். மகள் என்னிடம் வர அரை மணி நேரம் ஆனது. அதுவரை மன்னிப்புக் கேட்கும் முகத்தை நான் வைத்துக்கொள்ளவில்லை.