அப்பா கழுவிக் கவிழ்த்த குப்பி

நான் உருவாக்கிய பாக்டீரியாவுக்கு எங்கள் மலைக் குச்சிக்கிழங்கின், அதாவது மரவள்ளியின், சர்க்கரைதான் தீனி. கிழங்கு மாவைக் காய்ச்சிச் சர்க்கரையாக்கி ஊட்டினால், நாம் கொழுப்பு சேர்ப்பதுபோல அது தன் உடம்புக்குள் வெள்ளை மணிகளாகப் பிளாஸ்டிக்கைச் சேர்க்கும். மண்ணில் மக்கிவிடும் பிளாஸ்டிக். அதற்கான மரபணுவை வேறொரு கிருமியிலிருந்து எடுத்து இதற்குள் நுழைத்தவள் நான். தொண்ணூறுகளின் கடைசியில், சமவெளிக் கல்லூரி ஒன்றின் ஆய்வகத்தில், மூன்று வருட வேலை. எனக்குத் திமிர் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

மற்றவர்கள் விலைக்கு வாங்கிய ஆய்வகக் கிருமியோடு மாரடித்தார்கள். நான் எங்கள் மலையில் எடப்புளி நாடு என்னும் பகுதியிலிருந்த அப்பாவின் நிலத்திலிருந்து ஒரு பிடி மண் எடுத்து வந்து, அதிலிருந்த கிருமியைப் பிரித்தெடுத்தேன். குளிருக்கும் பசிக்கும் பழகிய கிருமி, சொன்னபடி கேட்டது. பேராசிரியர் ஒரே ஒரு கட்டளைதான் போட்டிருந்தார்: "உயிரோட எதுவும் இந்தக் கதவைத் தாண்டக் கூடாதும்மா." சாக்கடையில் கொட்டுவதைக்கூடக் கொதிக்கவைத்துக் கொன்ற பிறகே கொட்டுவோம்.

பொங்கல் விடுமுறைக்கு முந்தின நாள் ஆய்வகத்தின் ஃபிரிட்ஜ் நின்றுபோனது. பழுது பார்ப்பவர் விடுமுறை முடிந்துதான் வருவாராம். உழைப்பெல்லாம் பாழாகிவிடுமே என்ற பயத்தில், பஞ்சு அடைத்த இரண்டு குப்பிகளைத் துண்டில் சுற்றிக்கொண்டு மலை பஸ் ஏறினேன். தை மாதத்தில் எங்கள் வீட்டுப் பின்கட்டும் ஃபிரிட்ஜும் ஒன்றுதான். வளைவுக்கு வளைவு பையை மடியில் அணைத்துக்கொண்டேன்.

"அதென்ன சாமி, புளிச்ச வாசம் வருது?" என்றார் அப்பா.

"நம்ம காட்டு மண்ணுல எடுத்ததுதாம்ப்பா. நம்ம கெழங்குச் சக்கரையக் குடிச்சு வளருது."

பெருமையில் சொன்னேன். மரபணுவைப் பற்றிச் சொல்லவில்லை. அவருக்கு எங்கே புரியப்போகிறது என்ற நினைப்பு.

மூன்றாம் நாள் காலை ஒரு குப்பியைக் காணோம். பளபளவென்று கழுவி, வேலிக் கம்பில் கவிழ்த்திருந்தது. அப்பா சேற்றுக் காலோடு நிலத்திலிருந்து வந்தார்.

"ஊத்திட்டேன் சாமி. மண்ணுல எடுத்தத மண்ணுக்கே குடுத்தரோணும். நீ எடுத்துட்டுப் போனதுல இருந்து எனக்கு மனசே ஆறல. நாலு கொடம் தண்ணி கலந்து கெழங்குக் காடு பூராத் தெளிச்சேன். இன்னொண்ணு உனக்கு வேணுமேன்னு வெச்சிருக்கறேன்."

"சரிப்பா" என்றேன். விடுமுறை முடிந்ததும் பேராசிரியரிடம், ஒரு குப்பி ஆய்வகத்தில் கைதவறி உடைந்துவிட்டது என்றேன். உண்மையைச் சொன்னால் பட்டம் போகும். அதோடு நிற்காது; ஆட்கள் மலையேறி வந்து நிற்கும் பயிரைக் கொளுத்தி, மண்ணில் மருந்தைக் கொட்டுவார்கள். அப்பாவுக்கு இருந்தது அந்த ஒரு துண்டு நிலம்தான்.

இப்படிப்பட்ட கிருமி வெளியே ஒரு வாரம்கூடத் தாங்காது என்று புத்தகங்கள் தைரியம் சொல்லின. ஆனால் அது ஆய்வகத்திலேயே பிறந்து வளர்ந்த கிருமிக்குச் சொன்னது. என்னுடையது பிறந்த மண்ணுக்கே திரும்பியிருந்தது.

அடுத்த வருடம் எங்கள் நிலத்து மண்ணையும் பக்கத்து நிலத்து மண்ணையும் கொண்டுவந்து, என் கிருமி மட்டுமே தாங்கக்கூடிய மருந்து கலந்த தட்டுகளில் பூசினேன். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் பக்கத்து நிலத்துத் தட்டு காலியாக இருந்தது. எங்கள் தட்டில் இடமில்லாமல் வெள்ளைப் புள்ளிகள். அவற்றைக் கொதிகலனில் போட்டுக் கொன்றேன். அன்றே பேராசிரியரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று கிளம்பினேன். அப்போதுதான் விடுதிக்கு அப்பாவின் போன் வந்தது.

"இந்த வருசம் கெழங்கு நல்லா எறங்கியிருக்குது கண்ணு. குண்டூர் நாட்டுல இருந்தெல்லாம் வந்து நடறதுக்கு வெதைக்குச்சி கேட்டாங்க, குடுத்துட்டேன். உங்க புள்ள மருந்து ஊத்துன மண்ணாமேன்னு கூடை கூடையா மண்ணும் அள்ளிட்டுப் போனாங்க. இல்லீன்னு சொல்ல முடியுங்களா?"

"எந்தெந்த ஊருக்குப்பா?"

"அதையெல்லாம் ஆரு நெனப்பு வெச்சுக்கறாங்க!" என்று சிரித்தார்.

நான் பேராசிரியரின் அறைக்குப் போகவில்லை. பயந்துவிட்டேன். பட்டம் வாங்கினேன். ஊருக்குப் போகும்போதெல்லாம் அப்பா அந்த நிலத்துக் கிழங்கை வேகவைத்து என் முன்னால் வைத்துவிட்டு, என் முகத்தையே பார்ப்பார்.

"நல்லா இருக்குதா சாமி?"

நன்றாகத்தான் இருக்கிறது. மென்று விழுங்கிவிட்டுத் தலையாட்டுவேன்.