இரண்டு முறை மட்டும் கூப்பிட்ட படம்

அந்தப் படப்புத்தகத்தின் நடுவில் ஒரு பக்கம் முழுக்கக் கறுப்பு. எழுத்து கிடையாது. கூர்ந்து பார்த்தால் ஒரு குடிசைக் கதவின் விளிம்பு மட்டும் சாம்பல் நிறத்தில் தெரியும். அம்மா பால்வாடி டீச்சராக இருந்தாள். கதை சொல்லும்போது அந்தப் பக்கம் வந்ததும் புத்தகத்தை முன்வரிசையில் யாராவது ஒரு பிள்ளையின் மடியில் விரித்து வைத்துவிட்டு, எழுந்து வெளியே போய்க் கதவைச் சாத்திவிடுவாள். உள்ளே நாங்கள் கறுப்பையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். வெளியிலிருந்து குரல் வரும். "கண்ணூ..." எல்லாரும் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொள்வோம். கொஞ்சம் கழித்து மறுபடியும், "கண்ணூ..." மூச்சுகூட விட மாட்டோம். அதற்கு அடுத்த முறைக்கு அவள் எடுத்துக்கொள்ளும் நேரம் இருக்கிறதே, அதற்குள் எங்களுக்கு ஒரு வயசு கூடிவிடும். கடைசியில் "கண்ணூ, சாப்புட வா" என்று மூன்றாவது முறை கேட்டதும், மொத்தக் கூட்டமும் "வந்துட்டோம்" என்று கத்திக்கொண்டு கதவை முட்டித் திறந்து அவள் மேல் போய் விழும்.

எங்கள் பக்கத்தில் இது வீட்டுக்கு வீடு உள்ள பழக்கம்தான். பொழுது சாய்ந்தபின் வெளியிலிருந்து யாராவது கூப்பிட்டால் உடனே வாயைத் திறக்கக் கூடாது. மூன்று முறை கூப்பிட்டால் மனுசர். பேய் இரண்டோடு நிறுத்திக்கொள்ளும், அதற்குப் பதில் சொன்னவர்கள் அதன் பின்னாலேயே போய்விடுவார்கள். புத்தகத்தின் கதையும் அவ்வளவுதான். ஒளிந்து விளையாடப் போன குழந்தை ஒரு காலிக் குடிசைக்குள் தூங்கிவிடுகிறது, விழித்தால் இருட்டு, வெளியே ஒரு குரல். அம்மாவா, வேறு ஏதாவதா? மூன்றாவது கூப்பாட்டில்தான் அம்மா. ஏன் மூன்று என்று கேட்டால் அம்மா சொல்லுவாள்: "பேய்க்கு ரெண்டுக்கு மேல பொறுமை கெடையாது கண்ணு. பெத்தவதான் பதில் வர்ற வரைக்கும் கூப்புட்டுக்கிட்டே கெடப்பா."

இந்தப் புத்தகத்தால் ஊரில் வம்பும் வந்தது. பால்வாடி முடித்து ஒண்ணாங் கிளாசுக்குப் போன பிள்ளைகள், வாத்தியார் பேர் கூப்பிட்டால் மூன்றாவது முறைதான் "உள்ளேன் ஐயா" சொன்னார்கள். தலைமையாசிரியர் சைக்கிளை உருட்டிக்கொண்டு நேராக எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். "என்னையப் பேயின்னு நெனைக்குதுங்க டீச்சர், நீங்களே ஒரு வார்த்த சொல்லுங்க" என்றார் பாவம். அம்மா அவருக்கு மோர் கொடுத்துவிட்டு, "சந்தேகம் இருந்தாக் கேட்டுக்கறது நல்லதுதானுங்களே சார்" என்றாள். அவர் போனதும் அப்பா சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது. அப்பா அப்படித் தலை பின்னால் சாயச் சிரிப்பது அம்மாவின் பேச்சுக்கு மட்டும்தான்.

நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது, அந்தக் கதையைப் பால்வாடிகளுக்கெல்லாம் கேசட்டாகக் கொடுக்கிறோம், உங்கள் குரல் வேண்டும் என்று யாரோ வந்து அம்மாவைக் கேட்டார்கள். தருமபுரியில் ஒரு மாடி அறையில் பதிவு. அப்பா துணைக்குப் போனார். அவருக்கு இருமல் என்பதால் வெளியில் படிக்கட்டில் உட்கார வைத்துவிட்டார்களாம். "கதவு அந்தாண்டயிருந்து உங்கம்மா கூப்புடறா, நான் வாயப் பொத்திக்கிட்டு உக்காந்திருக்கறன்" என்று அந்தக் கதையைப் பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டுக் கேசட்டை யாரோ இரவல் வாங்கிப் போனார்கள், அது திரும்பி வரவே இல்லை. அது அப்போது பெரிதாகத் தெரியவில்லை. அந்தக் குரலுக்குச் சொந்தக்காரியே வீட்டில் நடமாடிக்கொண்டிருந்தாளே.

அம்மா போன பிறகுதான் தெரிந்தது, அவள் குரல் எங்களிடம் எங்குமே இல்லை. போனில் போட்டோக்கள் இருந்தன. வீடியோ எடுத்தால் கையால் முகத்தை மறைத்துக்கொண்டு வாயைத் திறக்காமல் நகர்ந்துவிடுவாள். அப்பா ஊரில், இண்டூர் வீட்டில் தனியாக இருந்தார். தருமபுரியில் என்னோடு வந்து இருங்கள் என்று கெஞ்சியும் பார்த்தேன், சண்டையும் போட்டுப் பார்த்தேன். "வர்றன், வர்றன்" என்பார். வரமாட்டார். சோற்றிலும் தண்ணீரிலும் பிடிப்பில்லாமல் ஆள் பாதியாகிவிட்டார். அம்மாவுக்குப் பின்னாலேயே இவரும் கிளம்பிவிடுவாரோ என்பதுதான் அந்த நாட்களில் என் ஒரே பயம். வாரா வாரம் பஸ் ஏறிப் போகும்போதெல்லாம் தெருமுனையில் கூட்டம் நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டேதான் இறங்குவேன்.

அப்போதுதான் நான் சினிமா விமர்சனம் எழுதும் சிறுவர் பத்திரிகையிலிருந்து போன் வந்தது. அந்தப் படப்புத்தகத்தைப் படமாக எடுத்திருக்கிறார்களாம். எங்கள் பக்கத்திலேயே எடுத்ததால் முதலில் பென்னாகரத்துப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டப் போகிறார்களாம். "ஊர்க்காரங்க, நீங்களே எழுதுங்க" என்றார் ஆசிரியர். அம்மாவின் புத்தகம் என்றதும் அப்பா மறுபேச்சில்லாமல் சட்டையை மாட்டிக்கொண்டார். அவர் வீட்டை விட்டு வெளியே கிளம்பியதே எனக்குத் திருவிழாவாக இருந்தது. பஸ்ஸில் ஜன்னல் சீட்டை அவருக்கு விட்டுவிட்டு நான் சந்தோசமாகவே வந்தேன்.

ஒரு கல்யாண மண்டபத்தில்தான் காட்சி. பகல் பதினொரு மணி வெயில் உள்ளே வராதபடி ஜன்னல்களுக்கெல்லாம் தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். தரை விரிப்பில் பிள்ளைகள், பின்னால் நாற்காலிகளில் நாங்கள். படம் பார்க்க அழகாக இருந்தது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் சிரிப்பும் வந்தது. கதைக்குழந்தை ஒளிந்து விளையாட வீட்டுக்குப் பின்னால் ஓடினால் ஒகேனக்கல் அருவியில் போய் நிற்கிறது. பென்னாகரத்துக் குழந்தை அதற்கு பஸ் பிடிக்க வேண்டும் சாமி. பரிசல் வட்டமாகச் சுற்றுகிறது, பின்னால் வயலின் அழுகிறது. இதையெல்லாம் எப்படி மனம் நோகாமல் எழுதலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கும்போது திரை கறுப்பானது. குடிசைக் கதவின் விளிம்பு தெரிந்தது.

"கண்ணூ..."

அது அம்மா. அம்மா மாதிரி ஒரு குரல் என்று நினைக்கக்கூட எனக்கு அவகாசம் கிடைக்கவில்லை. கடைசி நாட்களில் தேய்ந்துபோய் முனகிய குரல் இல்லை. நான் பள்ளிக்கூடம் போன காலத்துக் குரல். ஒலிபெருக்கிகளைத் திரைக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்கள், எனக்கோ அது மண்டபத்துக்கு வெளியே, தார்ப்பாய்க்கு அந்தப் பக்கமிருந்து வந்தது போலவே கேட்டது. முன்னால் பார்த்தால், அந்த இருட்டில் அத்தனை பிள்ளைகளும் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். புத்தகம் இன்னும் பால்வாடிகளில் இருக்கிறது போலும். அந்தப் பழக்கமும் கூடவே இருந்திருக்கிறது.

"கண்ணூ..."

இரண்டாவது முறை. நான் மூன்றாவதற்காகக் காத்திருந்தேன். திரையில் குழந்தை எழுந்தது, முகமெல்லாம் சிரிப்பாக, கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே ஓடியது. வயலின் பொங்கியது. முன்வரிசையில் ஒரு சின்னப்பெண் எழுந்து நின்று, "ஏய் போவாத, இன்னொருக்கா கூப்புடல" என்றாள். யாரும் சிரிக்கவில்லை. படத்தில் அம்மாவின் முகத்தைக் காட்டவே இல்லை. இருட்டிலிருந்து ஒரு கை மட்டும் நீண்டு குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு, ஆற்றுப் பக்கமாக நடந்தது. எடுத்தவர்களுக்கு அது பாசம். எங்கள் பிள்ளைகளுக்கு அது என்னவென்று தெரியும். ஒரு குழந்தை அழத் தொடங்கியது. அந்த நேரத்தில் என் பக்கத்தில் அப்பா நாற்காலியை விட்டு எழுந்து, தொண்டைக் கம்மல் எதுவும் இல்லாத பழைய குரலில், "தோ வந்துட்டன்" என்றார்.

நான் அவர் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன். கை சில்லென்று இருந்தது.

படம் முடிந்ததும் டைரக்டரிடம் போனேன். சின்ன வயசு, பணிவான பிள்ளை. குரல் யாருடையது என்று அவருக்குத் தெரியவில்லை. புத்தகம் எழுதியவர் வீட்டில் கிடைத்த பழைய கேசட்டில் இருந்ததாம், அந்தக் குரலுக்கு ஈடாக எந்த நடிகையும் அமையவில்லையாம். எங்கம்மா என்று சொன்னதும் கண் கலங்கிவிட்டார். "மூணாவது கூப்பாடு எங்கங்க தம்பி?" என்று கேட்டேன். "கேசட்ல இருக்கு மேடம். மூணு தடவையும் ஒரே மாதிரி வருது, படம் இழுக்குதுன்னு எடிட்டர் சொன்னாரு. ரெண்டே போதும்னு விட்டுட்டோம்" என்றார். அவரைக் குறை சொல்லி என்ன செய்வது? அவர் ஊரில் கூப்பிட்டால் உடனே கதவைத் திறப்பார்கள் போலிருக்கிறது. ஒரு தாயைப் பேயாக்கிவிட்டோம் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியவே தெரியாது.

திரும்பும் பஸ்ஸில் அப்பாவிடம் மெதுவாகக் கேட்டேன். "ஏம்ப்பா அப்படி எந்திரிச்சிங்க? ரெண்டு தடவதான கூப்புட்டாங்க?"

"மூணு தடவ கூப்புட்டா பாப்பா. உனக்குக் கேக்கலயா?"

"இல்லப்பா. படத்துல ரெண்டுதான். அந்தத் தம்பியே சொன்னாரு."

அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. "மொத ரெண்டும் 'கண்ணூ'ன்னா. மூணாவது, 'ஏங்க'ன்னா. என்னையத்தான்" என்றார்.

அம்மா அவரை அப்படித்தான் கூப்பிடுவாள். அந்தப் புத்தகத்தில் அப்படி ஒரு சொல் இல்லை. கேசட்டில் இருந்ததா என்று டைரக்டருக்குப் போன் செய்து கேட்டிருக்கலாம். எனக்குத் தைரியம் வரவில்லை. இருந்தது என்று சொன்னாலும் படத்தில் அது இல்லையே, அப்பாவுக்கு எப்படிக் கேட்டது என்ற இடத்தில்தான் மறுபடியும் வந்து நிற்பேன்.

அன்று நான் தருமபுரிக்குப் போகவில்லை. லீவு சொல்லிவிட்டு இண்டூரிலேயே தங்கினேன். விமர்சனத்தை அங்கே உட்கார்ந்துதான் எழுதினேன். ஒளிப்பதிவைப் பாராட்டினேன், அருவியைக் கொஞ்சம் கிண்டல் செய்தேன், மூன்றாவது கூப்பாட்டைச் சேர்த்துவிட்டுத் திரையிடுங்கள், எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் நிம்மதியாகத் தூங்கட்டும் என்று முடித்தேன். அம்மாவைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. எழுதினால் அழுதுவிடுவேன், அது விமர்சனமாக இருக்காது. அப்பாவைப் பற்றி எழுத எனக்குப் பயமாக இருந்தது.

ஏனென்றால் அப்பா நன்றாக இருந்தார். அதுதான் பயம். வேளைக்குச் சாப்பிட்டார். பேசினார். அம்மாவின் மோர்க் கதையைச் சொல்லித் தலை சாயச் சிரித்தார். ஆனால் பொழுது சாய்வதற்கு முன் குளித்து, வெளுத்த வேட்டி கட்டி, நெற்றியில் விபூதி இட்டுக்கொண்டு வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்வார். எங்கேயோ கல்யாணத்துக்குப் போகிறவர் வண்டிக்குக் காத்திருப்பார் இல்லையா, அப்படி. "எங்கப்பா கெளம்பிட்டிங்க?" என்று ஒருநாள் கேலி போலக் கேட்டேன். "மூணு தடவ கூப்புட்ட பெறவு போவாம இருந்தா மரியாதயா இருக்குமா?" என்றார். உறவுக்காரர்களிடம் சொன்னால், வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும் என்றார்கள்.

அடுத்த நாள் சாயங்காலம் களி கிண்டி இறக்கினேன். கீரை கடைந்து வைத்தேன். வெளியே வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. தெருவில் ஆள் இல்லை. அப்பா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, தலையை ஒரு பக்கம் சாய்த்து எதையோ கேட்டுக்கொண்டிருந்தார். வாசல்படியில் நின்று கூப்பிட்டேன்.

"அப்பா."

திரும்பவில்லை. பத்தடி தூரம்கூட இருக்காது.

"அப்பா."

அப்போது அவர் பேசினார், என்னிடம் இல்லை. கேட்டுக்கு அந்தப் பக்கம், ஒன்றுமே இல்லாத இடத்தைப் பார்த்து, கெஞ்சுவது போலத் தாழ்ந்த குரலில் சொன்னார். "செத்த நேரம் இரு. பாப்பா ரெண்டு தடவதான் கூப்புட்டிருக்கறா."

கூப்பிட்டால் அவர் எழுந்து என் பக்கம் வர வேண்டும். கூப்பிடாமல் விட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரிந்திருந்தது, அவருக்கும் தெரிந்திருந்தது, அங்கே நின்றுகொண்டிருந்தவளுக்கும் தெரிந்திருக்கும். அம்மா என்னை மன்னிக்கட்டும். நான் அடிவயிற்றிலிருந்து, தெருக்கோடிக்குக் கேட்கும்படி கூப்பிட்டேன்.

"அப்பா, சாப்புட வாங்க."

அவர் நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்தார். கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்தபடி நின்றார். பிறகு கேட்டைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டு மெதுவாக உள்ளே வந்தார். வந்தவர் தட்டின் முன்னால் உட்காராமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கண்ணில் தண்ணீர் நின்றது.

"ஏம் பாப்பா கூப்புட்ட?" என்றார்.

"களி ஆறிடும்ப்பா" என்றேன்.