மணிமேகலை கேட்ட வழி

மணிமேகலை ஊராட்சி மெம்பரானது அவள் ஆசைப்பட்டு நடந்ததல்ல. அந்த வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கியபோது, காலனித் தெருவில் யாருக்கும் பயப்படாமல் வாயைத் திறக்கிறவள் இவள்தான் என்று எல்லோருமாகச் சேர்ந்து நிறுத்திவிட்டார்கள். ஜெயித்த பிறகும் நடவுக்குப் போனாள், நூறு நாள் வேலைக்குப் போனாள். கூட்டம் என்று சொல்லி அனுப்பினால் நல்ல புடவையாக ஒன்றைக் கட்டிக்கொண்டு போனாள். சேவூரை ஒட்டிய சின்ன ஊராட்சி அது. தெருவிளக்கு எரியவில்லை, குழாயில் தண்ணீர் வரவில்லை என்று காலையில் பல் விளக்குவதற்குள் யாராவது வாசலில் வந்து நிற்பார்கள்.

கணவன் அருணாச்சலம் காலமான பிறகு, அரசு கட்டிக்கொடுத்த தொகுப்பு வீட்டில் அவளும் மகன் சுதாகரும்தான். சுதாகருக்குச் செய்யாறு பக்கம் கம்பெனி வேலை. நாளைக்குக் கல்யாணம் ஆனால் இந்த ஒற்றை அறையில் பெண்டாட்டியை எங்கே குடிவைப்பது என்று, ஊருக்குக் கிழக்கே வரப்போகிற மனைப்பிரிவில் ஒரு மனைக்கு அட்வான்ஸ் கொடுத்திருந்தான். அவர்கள் குடும்பத்தில் அதுவரை யார் பெயரிலும் ஒரு அடி நிலம் கிரயம் ஆனதில்லை. அவன் செல்போனில் படத்தைப் பெரிதாக்கி, "இதும்மா நம்ம மனை" என்று காட்டியபோது அவள் அந்தச் சின்னக் கட்டத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

அந்த மனைப்பிரிவுக்கு ஒப்புதல் கேட்டு வரைபடம் ஊராட்சிக் கூட்டத்துக்கு வந்தது. தலைவர் தனகோடி அதை மேசையில் விரித்தார். ரோடு, பூங்கா, தண்ணீர்த் தொட்டி எல்லாம் இருந்தன. காலனிக்காரர்கள் சுடுகாட்டுக்குப் போகிற வரப்பு வழி மட்டும் இல்லை. அது இருந்த இடத்தில் வரிசையாக மனைகளும், கடைசியில் ஒரு சுற்றுச்சுவரும் இருந்தன. அருணாச்சலத்தை அந்த வரப்பு மேல்தான் தூக்கிக்கொண்டு போனார்கள். மழைக்காலம், தூக்கினவர்களின் கால் முழங்கால் வரை சேற்றில் புதைந்தது.

"வழி எங்கங்க தலைவரே?" என்று கேட்டாள்.

"அது ரெக்கார்டுல இல்லியேம்மா. பட்டா நிலம். பழைய சொந்தக்காரரு போனாப் போவட்டும்னு வுட்டு வச்சிருந்தாரு, அவ்ளோதான்."

"ரெக்கார்டுல இல்லன்னா செத்தவங்கள எங்க எடுத்துகினு போறது? வழிய காட்டுங்க, அப்பால நான் கையெழுத்து போடறேன்."

தனகோடி பட்டுத்தறி போட்டுத் தொழில் செய்கிறவர். வம்பு வளர்க்கிற ஆளில்லை. இடத்தைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று தீர்மானத்தைத் தள்ளி வைத்தார்.

சேதி அவளுக்கு முன்னால் வீட்டுக்கு வந்துவிட்டது. சுதாகர் சட்டையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்திருந்தான்.

"லேஅவுட்டே நின்னுச்சுன்னா நான் இன்னா பண்றது? இப்பப் போயி ஏம்மா இத கிளப்பிகினு கீற?"

அவள் தட்டை எடுத்து வைத்தாள். சோறு போட்டாள். அவன் சாப்பிட்டுவிட்டு முகம் கொடுக்காமல் படுத்துவிட்டான். அதற்கப்புறம் வந்த நாட்களும் அப்படியே போயின. ஒத்துக்கொண்டால் தெருவுக்குத் துரோகம், ஒத்துக்கொள்ளாவிட்டால் பிள்ளைக்குத் துரோகம் என்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

ஒன்றிய அலுவலகத்திலிருந்து ஒரு அதிகாரி அம்மா இடத்தைப் பார்க்க வந்தார். தலைவரும் மெம்பர்களும் வந்திருந்தார்கள். மனை போடுகிற சந்தோஷ், ஆரணிக்காரர், வரைபடத்தோடு நின்றார். நடுவில் போகிற ரோட்டைக் கடைசி வரை நீட்டி, சுவரில் இடைவெளி விட்டால் சுடுகாட்டுக்கு வழி கிடைத்துவிடும் என்று அதிகாரி சொன்னார். ஒரு மனைதான் குறையும்.

சந்தோஷ் தயங்கினார். "ஒரு மனை போனா போவுது மேடம். ஆனா, பொணம் போற ரோடுன்னு தெரிஞ்சா அந்த ரோட்ல யாரு மனை வாங்குவாங்க? மெம்பரக்கா, நீங்களே சொல்லுங்க, யாரு வாங்குவா?"

"எம் புள்ள வாங்குவான்" என்றாள் மணிமேகலை.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சுதாகரின் மனை பூங்காப் பக்கம் இருப்பது சந்தோஷுக்குத் தெரியும்.

"நெசமாவாக்கா?"

"அவன் மனைய இந்த ரோட்டுக்கு மாத்திக் குடு தம்பி. மொத வூடு எங்க வூடா இருக்கட்டும்."

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. பிள்ளையை ஒரு வார்த்தை கேட்கவில்லை. வீடு வந்து சேரும் வரை, அவனிடம் எப்படிச் சொல்வது என்றே யோசித்துக்கொண்டு வந்தாள். ஷிப்டு முடிந்து அவன் வந்ததும் சுற்றி வளைக்காமல் நடந்ததைச் சொன்னாள். சுதாகர் ஹெல்மெட்டை ஆணியில் மாட்டினான். பிறகு அதையே எடுத்துப் போட்டுக்கொண்டு வண்டியைக் கிளப்பிப் போய்விட்டான்.

அவள் அடுப்பைப் பற்றவைக்கவில்லை. விளக்கு வைக்கிற நேரத்துக்கு வண்டிச் சத்தம் கேட்டது.

"சந்தோஷண்ணன் ஆபீசுக்குப் போயிருந்தேன்" என்றான். "அந்த ரோட்ல கார்னர் மனை ஒண்ணு கீது. ரெண்டு பக்கம் ரோடு, காத்து நல்லா வரும். அதையே எழுதிக்கச் சொல்லிட்டேன்."

"ரோடு எங்க போவுதுன்னு தெரியுமில்ல?"

"அப்பா போன வழிதானே. இதுக்குப் போயி இன்னாத்துக்கு ஒரே பேஜார் பண்ணிகினு கீற? பசிக்குதும்மா."

அவளுக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தாள்.

திருத்திய வரைபடம் அடுத்த கூட்டத்துக்கு வந்தது. ரோடு சுடுகாட்டு எல்லை வரை போயிருந்தது. எல்லா ரோடுகளையும் போல அதையும் ஊராட்சி பெயருக்கு எழுதிக் கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனையைத் தனகோடி தாமே வாசித்தார். யாரும் எதிர்க்கவில்லை. மணிமேகலை கையெழுத்துப் போட்டாள்.

இப்போது அந்த மனையில் கடைக்கால் போட்டு, சுவர் எழும்பிக்கொண்டிருக்கிறது. பக்கத்து மனைகளும் விற்றுப்போய்விட்டன. வாங்கினவர்களில் சேவூர் நெசவுக் குடும்பம் ஒன்றும் உண்டு. வேலையில்லாத நாட்களில் மணிமேகலை போய்ச் சுவருக்குத் தண்ணீர் ஊற்றுகிறாள். சமையலறை ஜன்னலை எந்தப் பக்கம் வைப்பது என்பதில் அவளுக்கும் சுதாகருக்கும் இன்னும் ஒத்துப்போகவில்லை.