வாசல் பைப்பைத் தொட்டுவிட்டு

எங்கள் ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் வீட்டு வரிசைக்கு ஒரு தண்ணீர்ப் பைப்பு இருந்தது. சிமெண்டுத் திட்டின் நடுவிலிருந்து இடுப்பளவு உயரத்துக்கு எழுந்து நிற்கும் இரும்புக் குழாய். பச்சைச் சாயம் உரிந்து, வாய்ப்பக்கம் துருவேறி, எவ்வளவு இறுக்கி மூடினாலும் சொட்டிக்கொண்டேயிருக்கும். எங்கள் வரிசைப் பைப்பு எங்கள் வீட்டு வாசலுக்கு நேராக இருந்தது. மற்றவர்கள் தண்ணீர் பிடிக்க மட்டுந்தான் அதனிடம் போவார்கள். சின்னம்மாவோ தண்ணீர் பிடிக்காத நேரத்திலும் அதைத் தொடுவார். ஃபேக்டரி பஸ் முச்சந்தியில் இறக்கிவிட்டதும் செம்மண் பாதையில் கால் தேய நடந்து வருவார். படியேறுவதற்கு முன் உள்ளங்கையை விரித்து அந்தக் குழாயின் மேல் வைப்பார். ஒரு மூச்சு விடுகிற நேரம் அப்படியே நிற்பார். அதற்குப் பிறகுதான் ஓடிவரும் தம்பியைத் தூக்குவார், என் தலையைத் தடவுவார்.

அவர் என் அம்மாவின் தங்கை. தாய் தகப்பன் போன பிறகு எங்களோடு வந்துவிட்டார். அம்மாவும் அப்பாவும் பால்மரம் வெட்டினார்கள். சின்னம்மா மட்டும் மரத்துக்குப் போகாமல், சிரம்பானுக்கு வெளியே இருந்த ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் சேர்ந்தார். குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து, கடுகளவு சில்லுகளைப் பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்துப் பழுதானவற்றை ஒதுக்குவது அவர் வேலை. மரவட்டை மிதிக்காமல், அட்டை கடிக்காமல் சம்பாதிக்கிறாள் என்று லயத்தில் எல்லோருக்கும் ஒரு பொறாமை. வீட்டுக்கு வந்ததும் சுவரில் சாய்ந்து, சோற்றைக்கூடக் கேட்காமல் கண்ணை மூடிக்கொள்ளும் சின்னம்மாவை அவர்கள் பார்த்ததில்லை.

அந்த வேலையில் உட்காருவதற்கு முன் மணிக்கட்டில் ஒரு பட்டை கட்ட வேண்டும். அதிலிருந்து சுருள் சுருளாக ஒரு வயர் கிளம்பி, மேசைக்கு அடியில் போய் நிலத்தோடு சேரும். துணி நாற்காலியில் உரசினாலும் காலணி தரையில் தேய்ந்தாலும் நம் உடம்பில் மின்னூட்டம் சேர்ந்துவிடுகிறது. நமக்கு அது தெரிவதேயில்லை. ரொம்பச் சேர்ந்து, கதவுப்பிடியைத் தொடும்போது சுரீரென்றால்தான் தெரியும். சில்லுக்கு அவ்வளவு வேண்டியதில்லை, நாம் உணராத கொஞ்சமே போதும், உள்ளுக்குள் செத்துவிடும். வெளியே பார்த்தால் நேற்று மாதிரியேதான் இருக்கும். பட்டை கட்டியிருந்தால் சேர்வதெல்லாம் வயர் வழியாக மண்ணுக்குப் போய்விடும். பட்டையைக் கழற்றிவிட்டு எழுந்து நடந்தால், திரும்பி வந்து முதலில் மேசையின் இரும்பைத் தொட வேண்டும். "தொடுறதுக்கு முன்ன எறக்கிரு" என்று அவருடைய சூப்பர்வைசர் அம்மா ஓயாமல் சொல்வாராம். சின்னம்மா அதைச் சொல்லிக்காட்டும்போது அந்த அம்மாவின் மூக்குக் குரலும் சேர்ந்து வரும், நாங்கள் சிரிப்போம்.

இதை எல்லாம் லயத்தில் யார் கண்டார்கள்? தினமும் வீடு திரும்பும் ஒரு பெண் இரும்பைத் தொட்டுவிட்டு வாசலில் கால் வைக்கிறாள் என்றால் எங்கள் ஆட்களுக்கு ஒரே அர்த்தந்தான். காத்து கருப்பு அண்டாமல் இருக்கத்தான் இரும்பு. தீட்டு வீட்டில் வைப்பது, பிள்ளை பெற்றவள் தலையணைக்கடியில் வைப்பது எல்லாம் அதுதானே. அப்படியென்றால் இவள் பின்னால் ஏதோ வருகிறது. பக்கத்து வீட்டக்கா என் அம்மாவிடமே கேட்டுவிட்டார், "ஒன் தங்கச்சி பெக்டரியில எதையோ பாத்து பயந்துட்டாளா?" என்று. அம்மா சிரித்து மழுப்பினார். சின்னம்மாவுக்கு விளக்கிச் சொல்லத் தெம்பில்லை. வாயைத் திறந்தால் அரை மணி நேரம் பேச வேண்டும், அந்த அரை மணி நேரத்தில் தூங்கிவிடலாம் என்பார்.

அவரைப் பெண் பார்க்க வந்தது மழைக்காலத்தில், ஒரு வெள்ளிக்கிழமை மாலை. மாப்பிள்ளை தெமியாங்கில் இருந்தார், லோரி ஓட்டுபவர். அவரும் அவருடைய அம்மாவும் அத்தையும் வேனில் வந்து இறங்கிவிட்டார்கள். சின்னம்மா வரவில்லை. ஓவர்டைம் வேண்டாம் என்று முதல் நாளே சொல்லியும் விடவில்லையாம். முன்பே எடுத்து வைத்திருந்த மாம்பழ நிறப் புடவை கட்டிலில் மடிப்புக் கலையாமல் கிடந்தது. அந்தப் புடவையை அவர் எத்தனை தடவை எடுத்துத் தோளில் போட்டுப் பார்த்தார் என்று எனக்குத் தெரியும். அந்த இடம் அமைய வேண்டும் என்று அவர் மனசார ஆசைப்பட்டார். யாரிடமும் சொல்லவில்லை, ஆனாலும் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

கடைசியில் தூறலில் நனைந்தபடி வந்தார். வந்தவர்கள் எல்லோரும் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்க, வழக்கம்போல் பைப்பின் மேல் கையை வைத்தார், நின்றார், எடுத்தார். அன்றைக்கு மட்டும் மறந்து தொலைத்திருக்கக் கூடாதா என்று இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருகிறது.

மாப்பிள்ளையின் அம்மா குரலை உயர்த்தவில்லை. "ஏம்மா, அந்தப் பொண்ணு ஏன் இரும்பத் தொட்டுட்டு வருது?" என்றார். அம்மா பதில் தேடுவதற்குள், எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டக்கா, "அது தெனமும் அப்படித்தான்" என்று உதவி செய்தார்.

நான் அப்போது இரண்டாம் படிவத்தில் படித்தேன். அந்த மாதந்தான் பள்ளிக்கூடத்தில் நிலைமின்சாரம் நடத்தியிருந்தார்கள். பேயை விரட்ட இதைவிட நல்ல சமயம் வாய்க்காது என்று நினைத்துக்கொண்டு உள்ளே ஓடி, பிளாஸ்டிக் சீப்பும் கிழித்த காகிதத் துண்டுகளுமாக வந்து நடுக்கூடத்தில் உட்கார்ந்தேன். ஒன்றோடொன்று உரசினால் எலெக்ட்ரான்கள் இடம் மாறும், தலைமுடியில் இருப்பது சீப்புக்குப் போகும், மின்னூட்டம் ஏறிய சீப்பு காகிதத்தை இழுக்கும், சின்னம்மா உடம்பிலும் இப்படித்தான் ஏறுகிறது, அதைத்தான் பைப்பில் இறக்குகிறார் என்று பொரிந்து தள்ளினேன். பிறகு சீப்பால் தலையைப் பரபரவென்று வாரிக் காகிதத்தின் அருகே கொண்டுபோனேன்.

ஒரு துண்டுகூட அசையவில்லை. வெள்ளிக்கிழமை என்று அம்மா என் தலையில் அரைக் கிண்ணம் தேங்காயெண்ணெய் வைத்திருந்தார். சீப்பில் எண்ணெய்தான் வழிந்தது. தம்பியின் தலையில் தேய்க்கலாம் என்றால் அவனுக்குப் போன வாரந்தான் மொட்டை போட்டிருந்தோம். அப்போது மாப்பிள்ளை முன்னால் குனிந்து, "என் தலையில பாரேன்" என்றார். நல்ல மனிதர். நான் சொல்வது நிஜமாக இருக்க வேண்டும் என்று அவர் முகத்தில் தெரிந்தது. ஆனால் பெண் பார்க்க வருகிறவர் தலையில் கிரீம் பூசாமலா வருவார்? சீப்பு வழுக்கிக்கொண்டு போனது. காகிதங்கள் மழை ஈரத்தில் நமுத்துப்போய்ப் பாயோடு ஒட்டிக் கிடந்தன. அவருடைய அத்தை, "சரி, புள்ள வெளையாடுது" என்று எழுந்துகொண்டார். அவர்கள் தேத்தண்ணியை முடிக்கவில்லை.

அந்த வீட்டில் அன்றைக்கு எண்ணெயும் கிரீமும் படாத தலை ஒன்றே ஒன்றுதான். தொழிற்சாலையில் எண்ணெய், பவுடர், பூ எதற்கும் அனுமதி இல்லை. அந்தத் தலைக்குரியவர் கதவோரம் நின்று காகிதத் துண்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அதிலும் வாரிப் பார்த்திருந்தால் அந்த மழையில் என்ன வந்திருக்கும் என்பது வேறு விஷயம்.

தெமியாங்கிலிருந்து பதில் வரவில்லை. அடுத்த தையில் அவருக்கு வேறு இடத்தில் கல்யாணம் என்று கேள்விப்பட்டோம். அப்பா பயந்துபோய் கோயில் பூசாரியிடம் மந்திரித்த கயிறு வாங்கி வந்து சின்னம்மாவின் மணிக்கட்டில் கட்டினார். பட்டை கட்டுகிற அதே மணிக்கட்டு. தொழிற்சாலையில் கயிறு கூடாது என்பதால் பஸ்ஸில் அவிழ்த்துப் பையில் போட்டுக்கொள்வார், திரும்பும்போது பஸ்ஸிலேயே கட்டிக்கொள்வார். ஒன்று பேய்க்கு, ஒன்று சில்லுக்கு. இனிமேலாவது பைப்பைத் தொடாதே என்று அம்மா கெஞ்சினார். "சரிக்கா" என்பார். மறுநாள் கை அங்கேதான் போகும். அடுத்து வந்த இடமும் லயத்துப் பேச்சைக் கேட்டு வாசலோடு திரும்பியது. அப்புறம் யாரும் வரவில்லை. பார்வை மங்கி, வேலையிலிருந்து நிற்கும்வரை அவர் அந்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார்.

நான் அறிவியல் ஆசிரியை ஆனேன். பாரோயில் ஒரு இடைநிலைப் பள்ளியில் ஆண்டுதோறும் அதே சீப்பையும் காகிதத்தையும் தூக்கிக்கொண்டு வகுப்புக்குப் போகிறேன். ஆய்வுக்கூடத்தில் ஏர்கோன் ஓடினால் காகிதம் துள்ளும். ஏர்கோன் பழுதானால், பெரும்பாலும் பழுதுதான், பிள்ளைகள் என்னை ஏமாற்றுக்காரி மாதிரி பார்ப்பார்கள். காற்றில் ஈரம் இருந்தால் சீப்பின் மேல் ஈரம் படிந்து, சேர்கிற மின்னூட்டம் கசிந்து போய்விடும், இது உரசலின் தப்பு இல்லை, நம்ம ஊர்க் காற்றின் குணம் என்று விளக்குவேன். போன வாரமும் மழை, போன வாரமும் பழுது. சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தபோது வாய் பாதியில் நின்றுவிட்டது. சீப்பில் தங்காதது சின்னம்மாவின் உடம்பில் மட்டும் எப்படித் தங்கியிருக்கும்?

இப்போது அவர் என்னோடு செண்டாயானில் இருக்கிறார். எங்கள் தோட்டம் அழிந்து வீடமைப்புப் பகுதியாகிவிட்டது, பைப்பும் போன இடம் தெரியவில்லை. அன்று வீட்டுக்குப் போனதும் உடை மாற்றக்கூட இல்லாமல் அவர் எதிரில் உட்கார்ந்தேன். அவர் பயத்தங்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"சின்னம்மா, நம்ம லயத்துல இருந்த ஈரத்துக்கு உங்க உடம்புல ஒன்னுமே தங்கியிருக்காது. பஸ் வந்து சேர்றதுக்குள்ளயே போயிருக்கும். அந்தப் பைப்பத் தொட்டதே வீண்."

"தெரியும்லா" என்றார், கத்தியை நிறுத்தாமல். "சேந்த புதுசுலயே சொல்லிட்டாங்க. வெளிய போயிட்டா அதெல்லாம் வேணாம், உள்ளதான்னு."

எனக்குக் கோபம் வந்தது. இத்தனை வருஷக் களைப்பும் சேர்ந்து வந்தது. "தெரிஞ்சிக்கிட்டா தொட்டீங்க? அந்த மனுஷன் எவ்ளோ நல்லவரா இருந்தாரு. அந்தப் பொடவையக்கூட நீங்க கட்டல."

சின்னம்மா கத்தியைக் கீழே வைத்தார். தன் உள்ளங்கையை விரித்துப் பார்த்தார்.

"சில்லு எம்மாத்தரம் இருக்கும் பாப்பா? கடுகுதான். அதத் தொடறதுக்கே கையில இருக்கறதெல்லாம் எறக்கிட்டுத் தொடுன்னாங்க. பொழுதுக்கும் ஏச்சு வாங்கிட்டு, அலுத்துப்போயி, எல்லார் மேலயும் வெறுப்போட வருவேன். அந்தக் கையோட அப்படியே வந்து ஒங்களத் தூக்கச் சொல்றியா?"

பிறகு பயத்தங்காயை எடுத்து மறுபடி நறுக்க ஆரம்பித்தார்.

மறுநாள் பள்ளியில் கூட்டம், அது முடிந்து சாலை நெரிசல், வீடு சேரும்போது எனக்கு யார் முகத்தையும் பார்க்கப் பிடிக்கவில்லை. தூறிக்கொண்டிருந்தது. கேட்டைத் திறக்கப் போன கையை விரித்து அதன் இரும்புக் கம்பியில் வைத்தேன். நனைந்து சில்லென்று இருந்தது. ஒன்றும் பாயவில்லை. இந்த ஈரத்தில் பாயாது என்று நான்தானே பாடம் நடத்துகிறேன். ஆனாலும் கையை எடுக்காமல் நின்றேன். சமையலறைச் சன்னல் வழியாகச் சின்னம்மா பார்த்துக்கொண்டிருந்தார். மழையில் ஏன் நிற்கிறாய் என்று அவர் கேட்கவில்லை.